விசில்காரரின் கெண்டைக்கால்

— எழுபத்திரண்டு.

— என்ன எழுபத்திரண்டு?

— பேசாத, இரு... ஆங், நின்னுட்டான் பாரு. எழுபத்திரண்டாவது அடியில நின்னுட்டான். நேத்து எண்பது.

— சாப்பாட்டைத் திறந்து வச்சு எவ்வளவு நேரமாச்சு! யாரைங்க எண்ணிட்டிருக்கீங்க?

— இந்த ஜன்னல் வழியா பாரு. கார் நிறுத்துற கொட்டகையிலேருந்து ஆபீஸ் படி வரைக்கும் அப்படியே பாத்துட்டு வா. நோட்டீஸ் போர்டு முன்னாடி யாரு நிக்கிறா?

— விசில் சாரு.

— என்ன பண்றாரு உங்க விசில் சாரு?

— எங்க விசில் சாரா? அந்தாளு எனக்கு என்ன மாமனா, மச்சானா? நோட்டீஸ் படிச்சிட்டிருக்காரு.

— அந்தப் போர்டுல என்ன இருக்கு தெரியுமா? போன வருஷத்து லீவு நாள் பட்டியல். வெயில்ல எழுத்தெல்லாம் வெளுத்து வெறும் காகிதமாத் தொங்குது. அதைத்தான் தினமும் ரெண்டு நிமிஷம் நின்னு படிக்கிறான், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. இப்ப அவன் வலது காலைக் கவனி. குதிகாலை லேசாத் தூக்குறான் பாரு. கெண்டைக்காலைத் தடவலாம்னு கை கீழ போகுது... போச்சா? யாராவது பாத்துடுவாங்கன்னு அப்படியே பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிறான்.

— ஏங்க...

— இரு. இப்ப வலி இறங்கியிருக்கும், நடப்பான். நடந்துட்டானா? அடுத்து தீயணைக்கிற வாளி தொங்குதே, அங்க நிப்பான். அங்க படிக்கிறதுக்கு ஒன்னும் இல்லை. அதனால போனை எடுத்துக் காதுல வைப்பான். அந்தப் பக்கம் ஒருத்தரும் பேச மாட்டாங்க.

— ஏங்க, இது உங்களுக்கு வந்ததுல்ல?

— அதேதான். அச்சு அசல். நடந்தா பிடிக்கும், நின்னா விட்டுடும். நான் மூட்டைக் கயிறைச் சரி பண்ற மாதிரி நிப்பேன். அவன் படிச்சவன், நோட்டீஸ் படிக்கிற மாதிரி நிக்கிறான். நோய் ஒன்னுதான், நடிப்புதான் வேற.

— எத்தனை நாளா இது?

— எனக்குத் தெரிஞ்சு நாலு மாசம். முதல்ல நூத்தம்பது அடி நடந்தான். அப்புறம் நூத்துப் பத்து. இப்ப எழுபத்திரண்டு. இந்தக் கேபின்ல உக்காந்து வர்ற லாரி நம்பரை எழுதறதை விட்டா எனக்கு வேற என்ன வேலை? எண்ணிட்டிருக்கேன்.

— அந்தாளுக்குத் தெரியுமா?

— தெரியாது. வயசாச்சு, ஷூ இறுக்கம், அப்படித்தான் நினைச்சுக்குவான். புகை இருக்கு, சர்க்கரை இருக்கு. எனக்கு இருந்ததெல்லாம் அவனுக்கும் இருக்கு. குடோன்ல எவன் நின்னாலும் விசில் ஊதுற சூப்பர்வைசர் அவன், என் கால் அவன் ஊதுன விசில்ல போச்சு. அவனுக்கு விசில் ஊத ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

— நல்லா வேணும்ங்க. எனக்கு அந்த மூணு மெமோவும் மனப்பாடம். "வேலை நேரத்தில் காரணமின்றி நின்றது." மூணுலயும் அதே வரி, அதே கையெழுத்து. இன்னும் பெட்டி அடியில வச்சிருக்கேன்.

— அது காகிதம்டி, போகட்டும். அவன் கேட்டானே ஒரு கேள்வி, அது போகுமா? வலி தாங்காம ஒரு காலைத் தூக்கிட்டு மூட்டை மேல சாஞ்சு நிப்பேன். விசிலை ஊதிட்டு, "என்ன கொக்கு, மீன் வருதா?"ம்பான். குடோனே சிரிக்கும். பெத்தவங்க வச்ச பேரு போச்சு, அன்னைக்கிருந்து எல்லாருக்கும் நான் கொக்குதான். வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சு. நிஜமாவே ஒத்தைக் கால்ல நிக்க வச்சிட்டான்.

— அது மட்டுமா? டிஸ்பென்சரி டாக்டருக்குப் போன் போட்டவரும் அந்தாளுதானே. "வேலைக் கள்ளனுக்குக் கால் சாக்கு, லீவு சீட்டு குடுக்காதீங்க"ன்னு. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன். அந்த டாக்டரு உங்களைச் செருப்பையாவது கழட்டச் சொன்னாரா? மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டே, "நரம்புத் தளர்ச்சி, தைலம் தேய்"ன்னாரு. நாலு தடவை போனோம். நாலு தடவையும் தைலம்.

— அஞ்சு தடவை.

— அஞ்சு தடவை. அப்புறம் கட்டைவிரல் கறுத்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்க அந்த டாக்டரம்மா என்ன செஞ்சாங்க? கையில பிரஷர் பாக்குற பட்டையை எடுத்துக் கணுக்கால்ல சுத்துனாங்க, பேனா மாதிரி ஒன்னை வச்சுக் காது குடுத்துக் கேட்டாங்க. ஒரு டீ கொதிக்கிற நேரம் கூட ஆகலை. "ரத்தக் குழாய் அடைச்சு ரொம்ப நாளாச்சே, ஆறு மாசம் முன்னாடி ஏன் வரலை?"ன்னு என்னைக் கேட்டாங்க. என்னை!

— அதே பட்டை நம்ம டிஸ்பென்சரி அலமாரியிலயும் இருந்துச்சு.

— இருந்துச்சு. நான் பாத்திருக்கேன். மேல் மாடி ஆபீசருங்களுக்கு வருஷா வருஷம் அதை எடுத்துச் சுத்துவாங்க, கைக்கும் காலுக்கும். உங்களுக்கெல்லாம் என்ன? எடை மெஷின்ல ஏத்தி, ஒரு கண்ணை மூடிட்டு எழுத்தைப் படிக்கச் சொல்லி அனுப்புவாங்க. மூட்டை தூக்குறவனுக்குக் கண்ணு எதுக்கு? காலுதானே வேணும்! எங்க கேண்டீன் ஆளுங்களுக்கும் பெருக்குறவங்களுக்கும் அந்த எடை மெஷின் கூடக் கிடையாது.

— இப்ப புரியுதா நான் ஏன் வாயைத் திறக்கலைன்னு? விசிலு மேல் மாடியும் இல்லை, கீழ்த்தளமும் இல்லை, ரெண்டுங்கெட்டான். அதனால அவன் காலையும் யாரும் பாக்கலை. ஆனா அவன் கையில வைத்தியச் செலவுக்குக் கம்பெனி கார்டு இருக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவான். கம்பி விட்டு, குழாயை ஊதி விரிச்சு, ரெண்டாம் நாள் நடந்து வருவான். எனக்கு ரம்பம், அவனுக்குக் கம்பியா? நடக்காது. கொக்குன்னு பேரு வச்சான்ல, கொக்கு காத்திருக்கும்.

— அடுத்த மாசம் அந்தாளுக்குப் பதவி உயர்வுன்னு கேண்டீன்ல பேசிக்கிட்டாங்களே.

— அதுக்கு உடம்புத் தகுதிச் சான்று வேணும். நின்னவனுக்கெல்லாம் மெமோ குடுத்தவன், தானே நிக்கிறேன்னு எந்த வாயால சொல்லுவான்? சொல்ல மாட்டான். அவன் வெட்டுன குழி, அவன்தான் இறங்கணும். சோத்தைப் போடு, இன்னைக்குப் பசிக்குது.

* * *

— வாட்ச்மேன், அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படிப் போடு.

— உக்காருங்க சார். இது நான் உக்கார்ற நாற்காலி, பரவால்லயா?

— அதாவது, ஒரு போன் வரணும். உள்ள போனா சிக்னல் இருக்காது. அதுக்காகத்தான். புரியுதா?

— புரியுது சார். போன் வர்ற வரைக்கும் நல்லாக் காலை நீட்டி உக்காருங்க.

— நீ... அதாவது, கால் எப்படி இருக்கு உனக்கு?

— எந்தக் கால் சார்? இருக்கறதா, இல்லாததா?

— சரி, விடு.

— இல்ல சார், கேட்டீங்களே, சொல்றேன். இருக்கறது நல்லாருக்கு. இல்லாததுதான் தொந்தரவு. படுத்தா இல்லாத கட்டைவிரல் அரிக்கும். எழுந்து உக்காந்து சொறியலாம்னு பாத்தா அங்க போர்வைதான் இருக்கும்.

— அன்னைக்கு அந்த மெமோ விஷயம்... மேலேருந்து ஆள் குறைக்கணும்னு அழுத்தம் இருந்துச்சு. அதாவது, நான் ஒரு ஆளா முடிவு பண்ணதில்லை. இந்தக் கேட் வேலைக்கு உனக்கு சிபாரிசு பண்ணது யாரு? நான்தானே.

— ஆமா சார். அதான் தினமும் எழுந்து நின்னு சல்யூட் வைக்கிறேனே. ஒத்தைக் கால்ல.

— அதில்லை... ஒன்னு கேக்கணும். உனக்கு எப்படி ஆரம்பிச்சுது?

— ஏன் சார், திடீர்னு?

— சும்மாதான். என் மச்சான் ஒருத்தன். அவனுக்கு நடந்தா கெண்டைக்கால்ல கல்லைக் கட்டுன மாதிரி இருக்காம்.

— ஓ, மச்சானுக்கா. எத்தனை அடியில வரும் சார் மச்சானுக்கு?

— ஒரு அறுபது, எழுபது.

— அறுபத்தி மூணு இருக்குமா?

— என்ன?

— ஒன்னுமில்ல சார். நின்னா விட்டுடுமா?

— விட்டுடும். அதாவது, விட்டுக்கிட்டிருந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா, படுத்தாலே பாதம் எரியுது. கட்டிலுக்கு வெளிய காலைத் தொங்கப் போட்டாத்தான் தூக்கம் வருது... அவனுக்கு.

— மச்சானுக்கு.

— ஆமா. அப்புறம் ஷூ கடிச்சுக் கட்டைவிரல் ஓரத்துல ஒரு சின்னப் புண்ணு. மூணு வாரமாச்சு, ஆற மாட்டேங்குது. அதான், உனக்கும் இப்படித்தான் இருந்துச்சான்னு கேக்கறேன். இப்படித்தானா?

— இல்ல சார்.

— இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? எனக்கு வந்தது வேற. எனக்கு எடுத்த எடுப்புல கறுத்துடுச்சு. உங்க மச்சானுக்கு இருக்கறது நரம்புத் தளர்ச்சி. வயசானா வர்றதுதான். டாக்டர்கிட்டெல்லாம் போக வேண்டாம், போனா அதைப் பாரு இதைப் பாருன்னு சான்றுல ஏதாவது எழுதிடுவாங்க. இந்த மேசை டிராயர்ல ஒரு தைலம் இருக்கு, நம்ம டிஸ்பென்சரியில எனக்குக் குடுத்தது. இந்தாங்க. ராத்திரி நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க.

— அப்படியா சொல்றே? நான் பயந்தே போயிட்டேன்பா. அதாவது, மச்சான் பயந்துட்டான். ரொம்ப தேங்க்ஸ். நீ பழசை மனசுல வச்சுக்காத நல்ல மனுஷன்.

— போன் வரலையே சார்?

— ம்? ஆமா, வரலை. பரவால்ல, உள்ள போய்ப் பேசிக்கறேன்.

— பாத்துப் போங்க சார். நோட்டீஸ் போர்டுல புதுசா ஒன்னும் ஒட்டலை.

* * *

— அப்படியே என் கையைப் பிடிச்சுக்கிட்டாண்டி. "நல்ல மனுஷன்"னு சொல்றான்! சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு. ஏன் நீ சிரிக்கலை?

— புண்ணு எத்தனை நாளா இருக்குன்னாரு?

— மூணு வாரம். கட்டைவிரல். இன்னும் மூணு வாரம் போகட்டும், கறுத்துடும். அப்புறம் நமக்குத்தான் தெரியுமே, விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். படிப்படியா ஏறுற மாதிரி.

— அந்தத் தைலத்தை உங்க கையாலயா குடுத்தீங்க?

— என் கையாலதான். டப்பாவுல தேதி முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, அது ஒன்னுதான் குறை.

— ஏங்க, சொல்லாம இருந்தீங்க, அதை நான் ஒன்னும் சொல்லலை. நானும்தான் நல்லா வேணும்னேன். ஆனா அந்தாளு வந்து கேட்டிருக்காருங்க. இப்படித்தானான்னு வாய் விட்டுக் கேட்டிருக்காரு.

— நான் கேக்கலையா? நான் டாக்டர்கிட்ட அஞ்சு தடவை கேக்கலையா? "சார், ஒரு தடவை காலைத் தொட்டுப் பாருங்க"ன்னு கெஞ்சலையா?

— கெஞ்சுனீங்க. அந்த டாக்டர் வாயில வந்த அதே வார்த்தை இப்ப உங்க வாயில வந்திருக்கு. நரம்புத் தளர்ச்சி, தைலம் தேய். ஒரு எழுத்து மாறலை.

— மாறக் கூடாதுன்னுதான் சொன்னேன்.

— உங்க கால் திரும்பி வந்துடுமா?

— வராது. அவன் காலாவது போகட்டும். நீ என்ன இப்ப திடீர்னு அவனுக்கு வக்காலத்து? என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனப்ப, "அந்தப் பாவி நல்லாவே இருக்க மாட்டான்"னு மண்ணை வாரித் தூத்துனவ நீதானே?

— நான்தான்.

— அப்புறம் என்ன? மண்ணு அவன் தலையில விழப் போகுது, நகர்ந்து நின்னு வேடிக்கை பாரு. எனக்கு மூணு வருஷமா வயிறு எரியுதுடி. அவன் கட்டையை ஊனிட்டு இந்தக் கேட்டுக்குள்ள வர்ற அன்னைக்குத்தான் குளிரும். அன்னைக்கு நான் விசில் ஊதுவேன். வாங்கியே வச்சிருக்கேன், பாரு.

— காட்ட வேண்டாம், உள்ள வைங்க.

— எங்க போற? சாப்பிடவே இல்லை இன்னும்.

— நீங்க சாப்பிடுங்க. எனக்குப் பாத்திரம் கிடக்கு.

* * *

— பன்னெண்டு நாளாச்சுடி. கார் கொட்டகை காலி. வெட்டிட்டாங்கன்னு நினைக்கிறேன். உன் கேண்டீன்ல ஏதாவது பேசிக்கிட்டாங்களா? விரலா, பாதமா?

— வெட்டலை.

— வெட்டலையா?

— நாளைக்கு வேலைக்கு வர்றாரு. நடந்து வருவாரு. கம்பி விட்டு அடைப்பை எடுத்துட்டாங்க. புண்ணு ஆறிட்டு வருதாம்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் அனுப்பினேன்.

— என்ன சொன்னே?

— கேபின் கதவைச் சாத்துங்க, சொல்றேன். கத்தாதீங்க, லாரிக்காரங்க பாக்கறாங்க.

— நீ அனுப்பினியா? என் பொண்டாட்டி, நீ போய் அவனுக்கு... தாலி கட்டுனவனை இப்படி முதுகுல குத்துவியா? எனக்கு எதிரி வெளிய இல்லை, சோத்துப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கா!

— திட்டி முடிச்சுட்டீங்களா? இப்ப கேட்டுக்கங்க. பழி உங்களுக்கு மட்டும்தான்னு யாரு சொன்னது? வெட்டுன காலைத் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? நீங்க மயக்கத்துல இருந்தீங்க. அது எவ்வளவு கனம்னு எனக்குத்தான் தெரியும். என் பழி எனக்கு இருக்காதா?

— பழி வாங்கறவ எதுக்குடி அவனைக் காப்பாத்துன?

— அன்னைக்கு உங்ககிட்டேருந்து எழுந்து போனேனே, அது அந்தாளு டீ குடிக்கிற நேரம். டம்ளர் எடுக்கற மாதிரி போய், "சார், கொஞ்சம் ஸ்டோர் ரூம் வரைக்கும் வாங்க, மாவு மூட்டையில எலி"ன்னேன். வந்தாரு. கதவைச் சாத்தினேன். "ஷூவைக் கழட்டுங்க"ன்னேன்.

— என்னது?

— "நீ என்ன டாக்டரா?"ன்னாரு. "இல்ல சார், ஒரு காலைக் குழி தோண்டிப் புதைச்சவ"ன்னேன். எண்ணெய் டின் மேல உக்காந்து கழட்டினாரு. சாக்ஸையும் கழட்டச் சொன்னேன். கணுக்காலுக்குக் கீழ ஒரு முடி இல்லை, தோலு மெழுகு பூசுன மாதிரி பளபளன்னு. தொட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. கட்டைவிரல் ஓரம் கறுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. "உங்க மச்சான் காலு நல்லா இல்லை சார்"ன்னேன். உடைஞ்சு போய் அழுதாரு.

— அழுதானா? விசிலா?

— குழந்தை மாதிரி. மூக்கெல்லாம் ஒழுகிச்சு.

— அதை நான் பாக்கலையே...

— பாத்திருந்தா உங்களுக்கு வயிறு குளிர்ந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் குளிர்ந்துச்சு, பொய் சொல்லலை. "என்ன நோய், எங்க போகணும், எந்த டாக்டரு?"ன்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டாரு. நான் உடனே சொல்லலை. கழட்டுன ஷூவைக் கையில எடுத்துக்கிட்டேன். "எழுதிக் குடுங்க, சொல்றேன்"ன்னேன்.

— என்ன எழுத?

— சரக்குப் பட்டியல் எழுதற நோட்டும் பேனாவும் அங்கயே கிடந்துச்சு. முதல் காகிதத்துல, உங்களுக்குக் குடுத்த மூணு மெமோவும் தப்பு, வலின்னு தெரிஞ்சும் சீட்டு குடுக்காதீங்கன்னு டாக்டருக்குப் போன் போட்டது நான்தான், அப்படின்னு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு.

— எழுதினானா?

— ரெண்டு வரி எழுதிட்டு, "வார்த்தையைக் கொஞ்சம் மாத்திக்கலாமா?"ன்னாரு. ஷூவைத் தூக்கிக்கிட்டுக் கதவுப் பக்கம் நடந்தேன். அப்புறம் ஒரு எழுத்து விடாம எழுதினாரு.

— அடிப்பாவி!

— ரெண்டாவது காகிதம், வருஷா வருஷம் உடம்புப் பரிசோதனைக்கு யார் யாரைக் கூப்பிடணும்னு பட்டியல் போடுறது அந்தாளுதானே. அதுல மூட்டை தூக்குறவங்க, பெருக்குறவங்க, கேண்டீன், டிரைவர், வாட்ச்மேன், அத்தனை பேருக்கும் கணுக்கால்ல பட்டை கட்டிப் பாக்கணும்னு எழுதச் சொன்னேன். எழுதி, பாக்கெட்டுல இருந்த முத்திரையையும் வச்சிட்டாரு. அதுக்கப்புறம்தான் டாக்டரம்மா பேரைச் சொன்னேன். "இன்னைக்கே போங்க, வீட்டுக்குக் கூடப் போகாதீங்க"ன்னேன். ஷூவையும் குடுத்துட்டேன்.

— அந்த முதல் காகிதம் எங்க?

— அசல் என் பெட்டியில. நகல் ஒன்னு டிஸ்பென்சரி டாக்டர் மேசை மேல. அந்த டாக்டரு முகத்தை நீங்க பாத்திருக்கணும். மூணு வருஷமா உக்காந்தே வைத்தியம் பாத்த மனுஷன், தடால்னு எழுந்து நின்னாரு. "இதை எங்கயும் குடுத்துடாதீங்கம்மா"ன்னாரு. என்னை "அம்மா"ன்னாரு! "குடுக்கறதும் குடுக்காததும் உங்க கையில இருக்கு சார், அலமாரியிலேருந்து அந்தப் பட்டையை எடுங்க"ன்னேன். எடுத்தாரு. தூசி தட்டிட்டு எடுத்தாரு.

— அப்ப... அந்த டாக்டரு இனிமே எங்க ஆளுங்க காலைத் தொடணும்.

— தொட்டுக்கிட்டுதான் இருக்காரு. நாலு நாளா, முட்டி போட்டு. மூட்டைக்காரங்க வேணும்னே கழுவாம வர்றாங்க. ஒவ்வொரு செருப்பா கழட்டச் சொல்லி, ஒவ்வொரு காலா பிடிச்சு, அந்தப் பேனாவை வச்சுக் கேக்கறாரு. வேர்த்து ஊத்துது மனுஷனுக்கு.

— ஹா! குனிய வச்சிட்டியேடி! நான் ஒருத்தன் காலை எடுக்கப் பாத்தேன், நீ ரெண்டு பேரு முதுகை வளைச்சிட்டே. விசிலு நடந்து வரட்டும் போ. வந்து என் முகத்தைப் பாக்கட்டும். எனக்குக் கொஞ்சம் எரியுதுதான், ஆனா... சரி, பாக்கட்டும். எத்தனை பேருக்குப் பாத்திருக்காங்க?

— நாப்பத்தி ஒன்னு. நாளைக்கு உங்க முறை. இருக்கற காலைக் காட்டணும், வம்பு பண்ணாம வாங்க.

— வர்றேன், வர்றேன். யாருக்காவது இருக்கா?

— ஆறு பேருக்கு. கையில இருக்கற அழுத்தம் கணுக்கால்ல இல்லையாம். ஆனா பயப்பட ஒன்னும் இல்லைன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சா வெட்டறதுங்கற பேச்சே கிடையாதாம். மாத்திரை, சர்க்கரையை அடக்கணும், புகையை விடணும், தினமும் வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, மறுபடி நடக்கணும். அவ்வளவுதான்.

— எனக்கும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

— ஆமாங்க. உங்களுக்கும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

— யாரு அந்த ஆறு பேரு?

— கிரேன் ஓட்டுறவரு. அப்புறம் உங்க பழைய கோஷ்டியில மொட்டையரு. லாரி எடை போடுற கிளார்க்கு, அவருக்குத்தான் ஆச்சரியம், ஒரு நாளும் வலின்னதே இல்லையாம். தார்ப்பாய் தைக்கிற அண்ணன். பெருக்குற அக்கா, அவங்களுக்கு ரெண்டு கால்லயும்.

— ஐயோ, அந்த அக்காவா? வாரியலை ஊனிக்கிட்டு அடிக்கடி நிக்குமே, இடுப்பு வலின்னுல்ல நினைச்சேன். சரி, அஞ்சாச்சு. ஆறாவது?

— சாப்பிடுங்க, ஆறிப் போகுது.

— அஞ்சு பேரைத்தானே சொன்னே. ஆறாவது யாரு?

— கேண்டீன்ல ஒரு ஆளு. சாப்பிட்டுட்டே பேசுங்களேன்.

— கேண்டீன்லயா? அங்க யாருக்கு? மாஸ்டருக்கா? இந்தா, என்னைப் பாரு. ஏன் அழற? யாருடி அது?

— நான்தாங்க. கால் வலிக்குதுன்னு சொல்லணும்னுதான் தினமும் சாப்பாட்டைத் தூக்கிட்டு வந்தேன், நீங்க அந்த ஜன்னல்லேருந்து கண்ணை எடுக்கவே இல்லை.